ஒரே அறிக்கையில் எத்தனை தேதிகள்?

ரத்தப் பரிசோதனை நிலையம் தரும் தாளின் மேல்பகுதியைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. கண் நேராக எண்களுக்குப் போய்விடும். யாருடைய ரத்தம், எந்த மருத்துவர் எழுதிக்கொடுத்தது, மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, முடிவு எப்போது வெளியானது என்பதெல்லாம் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. கீழே உள்ள எண்களுக்குப் பொருள் தருவது இந்த விவரங்களே. வெறும் வயிற்றில் 140 என்று வந்த சர்க்கரையும் சாப்பிட்ட பிறகு 140 என்று வந்த சர்க்கரையும் மருத்துவருக்கு வெவ்வேறு செய்திகள். தாளாக இருக்கும்வரை மேல்பகுதியில் குழப்பம் இருந்தாலும் சமாளித்துவிடலாம்: மருத்துவர் நோயாளியைக் கேட்பார், இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் போன் போடுவார். அதே அறிக்கை ஒரு மருத்துவமனையின் கணினியிலிருந்து இன்னொன்றின் கணினிக்குப் போகும்போது கேட்க ஆளில்லை. கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மென்பொருள் அப்படியே நம்பும்.

இந்தியாவில் அறிக்கைகள் அப்படிப் பயணிக்கத் தொடங்கிவிட்டன. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் கீழ் 70 கோடிக்கும் அதிகமான ஆபா எண்கள், அதாவது தனிநபர் சுகாதாரக் கணக்கு எண்கள், உருவாக்கப்பட்டுள்ளன. நோயாளி சம்மதித்தால், இந்த 14 இலக்க எண்ணுடன் இணைக்கப்பட்ட பழைய அறிக்கைகளைப் புதிய மருத்துவர் தன் திரையிலேயே வரவழைத்துக்கொள்ளலாம். அவை எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதற்கான வழிகாட்டியை, புனேயில் சி-டாக் நிறுவனத்தில் இயங்கும் மின்சுகாதாரப் பதிவுத் தரநிலைகளுக்கான தேசிய மையம் வகுத்திருக்கிறது. அதன் அடிப்படை, எஃப்.ஹெச்.ஐ.ஆர். என்ற உலகத் தரநிலை. துறையினர் இதை ‘ஃபயர்’ என்றே உச்சரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரகாம் கிரீவ் 2011இல் முன்வைத்த யோசனையிலிருந்து, 1987இல் தொடங்கப்பட்ட ஹெச்.எல்.7 அமைப்பு இதை வளர்த்தெடுத்தது. இந்தியா பின்பற்றுவது, 2018 இறுதியில் வெளியான நான்காம் பதிப்பை.

ஃபயர் நல்ல தரநிலை. அதற்கு முந்தையவற்றைவிட மிக எளியது. ஆனால், அதில் ஒரு மருத்துவ ஆவணத்தின் மேல்பகுதி பல அடுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பொதிக்கு ‘பண்டில்’ என்று பெயர். அதற்குள் ஆவணத்தின் முகப்பாக ‘கம்போசிஷன்’. ஆய்வக அறிக்கை என்றால் ‘டயக்னாஸ்டிக் ரிப்போர்ட்’. அதன் கீழ் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஓர் ‘அப்சர்வேஷன்’. எடுத்த மாதிரிக்கு ‘ஸ்பெசிமன்’. ஸ்கேன் செய்த தாளோ பிடிஎஃப் கோப்போ என்றால் அதைச் சுட்டிக்காட்ட ‘டாக்குமென்ட் ரெஃபரன்ஸ்’. இவை ஒவ்வொன்றும் தனக்கெனத் தேதி, நிலை, வகை, நோயாளி, பொறுப்பாளர் ஆகியவற்றில் சிலவற்றையோ பலவற்றையோ வைத்திருக்கிறது. எளிய ரத்தப் பரிசோதனை ஒன்றை இந்த வடிவில் அனுப்பினால், நேரத்தைக் குறிக்க மட்டும் எட்டுக் கட்டங்களுக்கு மேல் இருக்கும். சில கட்டாயம், பல விருப்பம். எதை நிரப்புவது என்பதை அனுப்பும் மென்பொருளை எழுதியவர் தீர்மானிக்கிறார். எதைப் படிப்பது என்பதைப் பெறும் மென்பொருளை எழுதியவர் தீர்மானிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கப்போவதே இல்லை.

இந்தக் கட்டங்களைக் குறைக்க வேண்டும் என்பதே என் வாதம். ஆனால், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிறது என்பதற்காக எதையும் இன்னொன்றோடு சேர்த்துவிடக் கூடாது. ஒரு சோதனை போதும்: இந்த இரண்டு கட்டங்களிலும் வெவ்வேறு மதிப்புகள் இருந்து, இரண்டுமே உண்மையாக இருக்கும் சூழ்நிலை ஒன்றாவது உண்டா? உண்டு என்றால் இரண்டும் இருக்கட்டும், பெயரிலேயே வேறுபாடு தெரியட்டும். இல்லை என்றால் ஒன்று போக வேண்டும். முரண்படும்போது கட்டாயம் ஒன்று பொய்யாகிவிடும் என்ற நிலையில் இரண்டு கட்டங்களை வைத்திருப்பது, அந்தப் பொய்க்கு நாமே இடம் ஒதுக்கித் தருவதாகும்.

இந்தத் துறை இதை முன்பே ஒருமுறை கற்றிருக்கிறது. ஃபயருக்கு முந்தைய ஹெச்.எல்.7 இரண்டாம் தலைமுறைச் செய்திகளில் நோயாளியின் விவரம் பிஐடி என்ற வரியில் வரும். அதில் இரண்டாவது கட்டம் வெளி அடையாள எண்ணுக்கு, மூன்றாவது உள் எண்ணுக்கு, நான்காவது மாற்று எண்ணுக்கு. அதோடு நில்லாமல், அமெரிக்கத் தேவைக்கேற்பப் பத்தொன்பதாவது கட்டத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணும், இருபதாவதில் ஓட்டுநர் உரிம எண்ணும் இடம்பெற்றன. யாருக்கு உள், யாருக்கு வெளி? ஆய்வகத்துக்கு உள் எண்ணாக இருப்பது மருத்துவமனைக்கு வெளி எண். அனுப்புபவர் ஒரு கட்டத்தில் எழுத, பெறுபவர் இன்னொன்றில் தேட, நோயாளியின் பழைய பதிவு கிடைக்காமல் புதிதாக ஒன்று உருவாகும் அல்லது வேறொருவரின் பதிவோடு போய் ஒட்டிக்கொள்ளும். 1999இல் வெளியான 2.3.1 பதிப்பில் முடிவு எடுத்தார்கள்: எல்லா எண்களும் மூன்றாவது கட்டத்துக்கே வரட்டும், எத்தனை எண்கள் வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம், ஒவ்வொன்றோடும் அது என்ன வகை எண், யார் கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மற்ற கட்டங்கள் பழைய மென்பொருள்களுக்காக மட்டும் விட்டுவைக்கப்பட்டன. 2011இல் வந்த 2.7 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டன. தகவல் எதுவும் தொலையவில்லை. சொல்லப்போனால் கூடியது, ஏனென்றால் எந்த எண் யாருடையது என்பது அதற்கு முன் கட்டத்தின் வரிசை எண்ணில் மறைந்திருந்தது, பிறகுதான் எழுத்தில் வந்தது. இன்றைய ஃபயரில் நோயாளி அடையாளம் இதே முறையில் அமைந்திருக்கிறது. ஆபா எண்ணும் மருத்துவமனையின் புறநோயாளி எண்ணும் ஒரே பட்டியலில், தத்தம் வகையோடு உட்கார முடிவது அதனால்தான்.

ஃபயரிலும் இந்த வேலை தொடங்கியிருக்கிறது. 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பு, படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் இருந்த ‘மீடியா’ என்ற தனி அமைப்பை நீக்கி, அந்த வேலையை டாக்குமென்ட் ரெஃபரன்ஸிடமே ஒப்படைத்தது. இதைவிட முக்கியமான மாற்றம் ரகசியக் குறியில் நடந்தது. நான்காம் பதிப்பில், ஓர் ஆவணம் ரகசியமானது என்று குறிக்க கம்போசிஷனில் ஒரு கட்டம் இருந்தது. எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான மெட்டாடேட்டா பகுதியில் பாதுகாப்புக் குறிக்கென்று இன்னொரு கட்டமும் இருந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையையோ மனநலச் சிகிச்சைக் குறிப்பையோ அனுப்பும் மருத்துவமனை முதல் கட்டத்தில் ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்று குறிக்கிறது. பெறும் மென்பொருள் இரண்டாவது கட்டத்தை மட்டும் பார்க்கிறது. அங்கே எதுவும் இல்லை. ஆவணம், பார்க்கக் கூடாத எல்லோருடைய திரையிலும் திறக்கும். அனுப்பியவர் விதியை மீறவில்லை, பெற்றவரும் மீறவில்லை; நோயாளியின் ரகசியம் மட்டும் போய்விட்டது. ஐந்தாம் பதிப்பு கம்போசிஷனில் இருந்த கட்டத்தை எடுத்துவிட்டது. நான்காம் பதிப்பை வைத்திருக்கும் நம் நாட்டில் அது இன்னும் தரநிலையின் பகுதியாகவே இருக்கிறது.

அறிக்கையின் நிலையிலும் இதே கதைதான். நான்காம் பதிப்பின் டயக்னாஸ்டிக் ரிப்போர்ட்டில் ஒரு முடிவைத் ‘திருத்தப்பட்டது’ என்று தனியே குறிக்கலாம். அதைச் சுமந்துசெல்லும் கம்போசிஷனின் பட்டியலில் அந்தச் சொல் கிடையாது. ‘முதற்கட்டம்’, ‘இறுதி’, ‘மாற்றப்பட்டது’, ‘தவறாகப் பதிவானது’ என்ற நான்குதான். திசுப் பரிசோதனை முடிவு தவறென்று தெரிந்து ஆய்வகம் திருத்தி அனுப்பும்போது, உள்ளே ‘திருத்தப்பட்டது’ என்றும் முகப்பில் ‘இறுதி’ என்றும் இருந்தால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. முகப்பை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு, முன்பு வந்ததும் இப்போது வந்ததும் இரண்டுமே இறுதி. ஐந்தாம் பதிப்பு இரண்டு பட்டியல்களையும் நெருக்கமாக்கியிருக்கிறது. ஆனால் கட்டங்கள் இன்னும் இரண்டுதான். ஆய்வக அறிக்கைகளுக்கான ஐரோப்பிய வழிகாட்டியைத் தொகுத்தவர்கள் இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தார்கள். கம்போசிஷனிலும் டயக்னாஸ்டிக் ரிப்போர்ட்டிலும் நோயாளியும் அறிக்கையின் வகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கணினி சரிபார்க்கும் விதிகளாகவே எழுதி வைத்தார்கள். புத்திசாலித்தனமான தற்காப்பு அது. ஆனால், இரண்டு கட்டங்கள் எப்போதும் சமமாக இருக்க வேண்டும் என்று விதி எழுத நேர்வதே, அவற்றில் ஒன்று தேவையில்லை என்பதற்குத் தெளிவான சான்று.

எந்தக் கட்டங்களைத் தொடக் கூடாது என்பதையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும். அவசரத்தில் இணைத்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரக நோயாளி ஒருவருக்குக் காலை 6 மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொட்டாசியம் லிட்டருக்கு 6.4 மில்லிமோல், இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. ஆய்வகம் ஐயப்பட்டு, அதே மாதிரியை மறுபடி சோதிக்கிறது. இதற்குள் தொலைபேசியில் சொல்லி, வார்டில் சிகிச்சை தொடங்கிவிடுகிறது. 10 மணிக்கு மீண்டும் ரத்தம் எடுக்கிறார்கள், இப்போது 4.8. இந்த முடிவு 11 மணிக்கு வெளியாகிறது. மறுசோதனை முடிந்து முதல் மாதிரியின் 6.4 அதிகாரபூர்வமாக வெளியாவது 12 மணிக்கு. வெளியான நேரத்தை வைத்து வரிசைப்படுத்தும் திரையில் ‘கடைசி’ அளவு 6.4. அதை நம்பி இன்னொரு முறை இன்சுலின் கொடுத்தால், பொட்டாசியத்தோடு சர்க்கரையும் சரிந்துபோகும். அப்சர்வேஷனில் ரத்தம் எடுத்த நேரத்துக்கும் முடிவு வெளியான நேரத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். என் சோதனையில் இவை தேறிவிடும்: இரண்டும் வேறுபட்டு, இரண்டும் உண்மையாக இருக்கும். ஆனால் ஸ்பெசிமனில் ஒருமுறை, அப்சர்வேஷனில் ஒருமுறை, டயக்னாஸ்டிக் ரிப்போர்ட்டில் ஒருமுறை என்று மாதிரி எடுத்த நேரத்தையே மூன்று இடங்களில் எழுதச் சொல்வது தேறாது. குளுக்கோஸ் சகிப்புத்திறன் சோதனை போல ஒரே அறிக்கையில் பல முறை ரத்தம் எடுத்திருந்தால், அறிக்கை மட்டத்தில் ஒற்றை நேரம் என்பதற்குப் பொருளே இல்லை. நேரம் அந்தந்த அளவீட்டோடு இருக்கட்டும். மற்ற இரண்டும் அதைப் பார்த்துக் கணினியே நிரப்பிக்கொள்ளட்டும்.

நோயாளி யார் என்ற கட்டத்தையும் இதே சோதனையில் வைத்துப் பாருங்கள். ஓர் ஆவணத்தில் நோயாளி ஒருவர்தானே, ஒவ்வோர் அடுக்கிலும் ஏன் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் என்று தோன்றும். பிரசவ ஆவணம் வந்து இந்த எண்ணத்தை மாற்றிவிடும். முகப்பு தாயைப் பற்றியது. பிறந்த குழந்தையின் எடையும் அப்கார் மதிப்பெண்ணும் அதே ஆவணத்துக்குள், வேறொருவரைப் பற்றிய அளவீடுகளாக வருகின்றன. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கும் தமிழ்நாட்டில் இதை அரிய விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. ஆகவே, அளவீட்டு மட்டத்தில் நோயாளிக்கான கட்டம் இருந்தே ஆக வேண்டும்.

இந்தியச் சூழலில் மிகவும் அவசரமானது வேறொன்று. நம் நாட்டில் கணினி வழியாகப் போகும் பழைய பதிவுகளில் பல, ஸ்கேன் செய்த தாள்கள். நோயாளியே பழைய கோப்பைப் படம் எடுத்துத் தன் சுகாதாரச் செயலியில் ஏற்றிக்கொள்ளலாம். இதற்கென்று தேசிய வழிகாட்டியில் தனி ஆவண வகையே இருக்கிறது. படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது பெறும் கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது மேல்பகுதி விவரம் மட்டுமே. 2019இல் எடுத்த எக்கோ அறிக்கையை ஒருவர் 2024இல் ஏற்றுகிறார் என்றால், கம்போசிஷனின் தேதி 2024. டாக்குமென்ட் ரெஃபரன்ஸின் தேதியும் 2024, ஏனென்றால் அது சுட்டி உருவான நாள். இணைப்புக் கோப்பு உருவான தேதி என்ற கட்டத்தில் மென்பொருள் பெரும்பாலும் படம் எடுத்த நாளைத்தான் போடும், அதுவும் 2024. மூன்று தேதிகள், மூன்றும் ஒரே குரலில் தவறான செய்தியைச் சொல்கின்றன. இதய மருத்துவருக்கு வேண்டிய 2019 எங்கே போகும்? கம்போசிஷனில் ‘நிகழ்வின் காலம்’ என்றும், டாக்குமென்ட் ரெஃபரன்ஸில் ‘சேவை நடந்த காலம்’ என்றும் ஒரே விஷயத்துக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அடிப்படைத் தரநிலையில் இரண்டுமே விருப்பத்துக்கு விடப்பட்டவை. ஒரே கட்டமாக இருந்திருந்தால் அதைக் கட்டாயமாக்கும் எண்ணம் யாருக்காவது வந்திருக்கும். இரண்டாக இருப்பதால், இந்தப் பக்கம் நிரப்புவோர் அந்தப் பக்கம் இருக்கிறது என்றும் அந்தப் பக்கம் நிரப்புவோர் இந்தப் பக்கம் இருக்கிறது என்றும் விட்டுவிட வழியாகிறது.

இணைத்தால் மட்டும் போதாது, பெயரும் முக்கியம். மூன்றாம் பதிப்பின் டாக்குமென்ட் ரெஃபரன்ஸில், ஆவணம் உருவான தேதி, அது அட்டவணையில் சேர்ந்த தேதி என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நான்காம் பதிப்பு முதலாவதை நீக்கியது; அந்தத் தகவலுக்கு இணைப்புக் கோப்பின் விவரத்தில் ஏற்கெனவே இடம் இருந்ததால் அது சரியான முடிவுதான். ஆனால், எஞ்சிய கட்டத்துக்கு வெறுமனே ‘தேதி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளக்கக் குறிப்பைப் படிக்காமல் நிரல் எழுதும் யாரும் அதை ஆவணத்தின் தேதி என்றே எடுத்துக்கொள்வார்கள். நல்ல சீர்திருத்தத்தை ஒரு சோம்பலான பெயர் பாதி கெடுத்துவிட்டது என்பதே என் மதிப்பீடு.

எதிர்ப்புகளில் வலுவானது, தேடல் பற்றியது. ஆயிரம் ஆவணங்களில் எது வேண்டும் என்று தேடும்போது ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க முடியாது. வெளி உறையிலும் விவரம் இருக்க வேண்டும், அது திரும்பச் சொல்வதாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். நியாயமான தேவை. டாக்குமென்ட் ரெஃபரன்ஸ் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் உறையில் இருப்பது நகல் என்பதைத் தரநிலை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: மூலம் எந்தக் கட்டம், நகலை யார், எப்போது புதுப்பிக்க வேண்டும், இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையெல்லாம். மனிதர் தட்டச்சு செய்யும் நகல் விரைவிலோ தாமதமாகவோ மூலத்திலிருந்து விலகிப்போகும். கணினி தானாக எடுத்துக்கொள்ளும் நகலில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. சரிபார்ப்பு நடக்க வேண்டுமானால் இரண்டு தகவல்களும் தனித்தனி மூலங்களிலிருந்து வர வேண்டும்; அவற்றை ஒப்பிட ஒருவர் இருக்க வேண்டும். ஆபா எண்ணையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள சரிபார்ப்பு. நோயாளி மாறிப்போவதை அது தடுக்கும். ஒரே தரவுத்தளத்தின் ஒரே நிரலிலிருந்து இரண்டு கட்டங்களையும் நிரப்பினால், தவறும் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருக்கும், எதுவும் பிடிபடாது. பெறும் மென்பொருளே சூழலைப் பார்த்து எது சரி என்று ஊகித்துக்கொள்ளும் என்ற பதிலை இப்போது செயற்கை நுண்ணறிவின் பெயரில் அடிக்கடி கேட்கிறோம். ஊகம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், மதுரையில் ஒரு மென்பொருள் ஒரு விதமாகவும் டெல்லியில் இன்னொன்று வேறு விதமாகவும் ஊகித்தால், ஒரே நோயாளிக்கு இரண்டு வரலாறுகள் உருவாகிவிடும்.

பழைய மென்பொருள்கள் உடைந்துபோகும் என்ற அச்சத்துக்குக் காரணம் உண்டு. சிறிய மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் வாங்கிய மென்பொருளை ஆண்டுக்கொரு முறை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பிஐடி வரியில் அறிவிப்புக்கும் நீக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 ஆண்டுகள் விட்டார்கள். இங்கும் அப்படிக் கால அவகாசம் தரலாம், தர வேண்டும். ஆனால், இந்த அச்சமே உடனடியாகத் தொடங்குவதற்கான வாதமும்கூட. இணைக்கும் மருத்துவமனைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது. ஒவ்வொன்றும் சேரும்போது மாற்றத்தின் செலவும் கூடும். மாற்றாமல் விடுவதற்கும் செலவு இருக்கிறது. அதை எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் எழுதுவதில்லை என்பதுதான் வேறுபாடு. திரும்ப எடுக்கப்படும் ரத்தமும் இரண்டாம் முறை செய்யப்படும் ஸ்கேனும் நோயாளியின் கணக்கில் ஏறுகின்றன.

சர்வதேசத் தரநிலை மாறும்வரை இந்தியா காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு நாடு தன் வழிகாட்டியில், விருப்பத்துக்கு விடப்பட்ட ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கலாம் அல்லது பயன்படுத்தவே கூடாது என்று மூடிவிடலாம். ஃபயரின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. தேசிய மையம் தன் அடுத்த வெளியீட்டில் கம்போசிஷனின் ரகசியக் கட்டத்தை மூடி, பொது மெட்டாடேட்டாவில் உள்ள பாதுகாப்புக் குறியை மட்டுமே ஏற்கலாம். ஸ்கேன் ஆவணங்களுக்குச் சேவை நடந்த காலத்தை ஒரே இடத்தில் கட்டாயமாக்கலாம். நோயாளிக்கு நாள் நினைவில்லை என்றால் ஆண்டை மட்டும் எழுதவும் தரநிலையில் வழி இருக்கிறது. உலக அளவில், ஹெச்.எல்.7 ஆறாம் பதிப்பைத் தயாரித்துவருகிறது. பண்டிலும் அப்சர்வேஷனும் நான்காம் பதிப்பிலேயே நிலைபெற்றுவிட்டன. அவற்றை இனி எளிதில் மாற்ற முடியாது. கம்போசிஷன், டாக்குமென்ட் ரெஃபரன்ஸ், டயக்னாஸ்டிக் ரிப்போர்ட் மூன்றும் ஐந்தாம் பதிப்பு வரை சோதனைப் பயன்பாட்டு நிலையில் இருப்பவை. அவற்றுக்கும் நிலைத்தன்மை வழங்கப்படுவதற்கு முன், வாக்கெடுப்புக்கு வரும் வரைவின் மீது இந்திய மருத்துவமனைகளும் மென்பொருள் நிறுவனங்களும் மாநில சுகாதாரத் துறைகளும் தங்கள் கருத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும். 2019ஆம் ஆண்டு அறிக்கை 2024ஆம் ஆண்டின் அறிக்கையாகத் திரையில் தெரியும் நிலையைத் தினமும் எதிர்கொள்பவர்கள் அவர்கள்தான்.